கேட்டறிந்த பின் முடிவு

அண்மையில் எமது இல்லம் நாடி வந்த தாயொருவர், நெடுநேரம் ஊர்ச் சேதிகளைப் பேசியிருந்துவிட்டு, விடைபெறும் வேளையில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்டார். இருபது வயது நிரம்பிய அவருடைய மகள், தன் மார்பகம் சிறியதென மனம் நொந்து, அதனைப் பெரிதாக்கும் சத்திரசிகிச்சையைச் செய்துகொள்ள வேண்டுமென்று ஒரே பிடியாக நிற்கின்றாளாம். "மாஸ்டர், இதாலை பிள்ளைக்கு ஏதும் தீங்கு வருமோ?" என்றார்.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும், நாணத்தினாற் கேளாது விடப்படும் கேள்விகளே பின்னர் பெருந்துன்பத்துக்கு வித்தாவதைப் பலகாலும் கண்டிருக்கின்றோம். ஆதலின், அத்தாயின்பொருட்டுப் படித்தறிந்தவற்றை ஏனைய குடும்பத்தினரும் அறியுமாறு இங்கே தருகின்றோம்.

இன்றைய முறையிலான சிலிக்கன் பை முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் தொமஸ் குரோனின், பிராங் ஜெரோ என்னும் வைத்தியர் இருவர் அதனைச் செய்தனர். அப்பெண் வைத்தியசாலைக்குச் சென்றதோ, மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்றுவிப்பதற்கு! புதிய சிகிச்சைக்கு உடன்படுவாயோ என வைத்தியர் வினவ, தன் காதுகளைத் திருத்திக்கொள்வதே தனது விருப்பமென்றாள் அவள். ஈற்றில் இரண்டுமே செய்யப்பட்டன. தேவை அவளுடையதோ, பிறருடையதோ? இக்கேள்வி அன்று போலவே இன்றும் நிற்கின்றது.

சிகிச்சை முறை இதுவே: மார்பின் அடிமடிப்பிலோ, அக்குளிலோ, முலைக்காம்பின் ஓரத்திலோ கீறி, மார்பகத்தின் பின்னால் அல்லது அதனடியிலுள்ள தசையின் கீழ் ஒரு பையை வைப்பர். பையின் உறை சிலிக்கனாலானது. உள்ளிருப்பது சிலிக்கன் களி அல்லது உப்புநீர்.

முதலாவதாக அறியவேண்டியது, இப்பை ஆயுள் முழுவதற்கும் உரியதன்று என்பதாம். ஆண்டுகள் செல்லச் செல்ல, மீண்டும் சத்திரசிகிச்சை வேண்டிவரும் வாய்ப்பும் பெருகும். அந்நியப் பொருளைச் சுற்றி உடல் இயல்பாகவே ஒரு தழும்புத் திரையை அமைக்கும். சிலருக்கு அத்திரை இறுகி, மார்பு கல்லாகி, நோவுண்டாகும். உப்புநீர்ப் பை கிழிந்தால் மார்பு சுருங்குவதைக் கண்டுகொள்ளலாம். களிப்பை கிழிவதோ பலவேளைகளில் வெளியே தெரியாது. ஆதலின் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளின் பின்பும், அதன்மேல் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கொரு தடவையும், உட்புறத்தைப் படமெடுத்துப் பார்த்தல் வேண்டுமென அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கூறுகின்றது.

முலைக்காம்பின் உணர்ச்சி குறையலாம். பிற்காலத்திற் குழந்தைக்குப் பாலூட்டுதல் தடைப்படவுங்கூடும். புற்றுநோயைத் தேடும் எக்ஸ் கதிர்ப்படத்தில் பை மறைப்பதனால், மேலதிக படங்கள் வேண்டப்படும். இவற்றின் மேலாக, பையைச் சூழ்ந்த தழும்பில் அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயும் உண்டு. சொரசொரப்பான உறையுடைய பைகளுடன் அது பெரிதும் தொடர்புபட்டது. அத்தகைய பைகள் சில 2019இல் உலகெங்கும் மீளப்பெறப்பட்டன.

பையைச் செய்தவர் யாரென்பதும் கேட்கத்தக்கதே. பிரான்ஸ் நாட்டுக் கம்பனியொன்று, வைத்தியத்துக்குரிய சிலிக்கனுக்குப் பதிலாகக் கைத்தொழிலுக்குரிய மலிவான சிலிக்கனை நிரப்பி விற்றமை 2010இல் வெளியாயிற்று. அதன் தாபகர் 2013இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ, அழகுக்காக உப்புநீர்ப் பை வைப்பதற்கு 18 வயதும், களிப்பை வைப்பதற்கு 22 வயதும் நிரம்பியிருத்தல் வேண்டுமென்பது விதி.

இவ்வளவும் கூறியதனால் இச்சிகிச்சையை நாம் பழிக்கின்றோம் என எவரும் எண்ணவேண்டா. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த பெண்ணுக்கும், பிறவியிலேயே இருபுறமும் ஒவ்வாதிருக்கும் பெண்ணுக்கும் இதே பை பெரும் ஆறுதலாவதுண்டு. அறிந்து தெளிந்த பெண்ணொருத்தி தன் உடலைப்பற்றிச் செய்யும் முடிவை எள்ளுதல் எவர்க்கும் அழகன்று. அறியாமற் செய்யும் முடிவையே நாம் அஞ்சுகின்றோம்.

இவற்றையெல்லாம் அத்தாயிடம் எடுத்துரைத்தபின், "மகளை ஏசாதீர்கள்; இந்த எண்ணம் எப்போது தோன்றிற்று என்று மட்டும் கேளுங்கள்" என்றோம். அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். கல்யாண வீடொன்றிற் பெண்கள் கூடியிருந்து அவளுடைய உடலைப்பற்றிப் பகிடி பண்ணினார்களாம். "அண்டைக்கு நானும் சேர்ந்து சிரிச்சனான், மாஸ்டர்" என்று கூறித் தலைகுனிந்தார்.

மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. மேலே கூறியவற்றையெல்லாம் கேள்விகளாக ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கின்றாள். தாயும் மகளும் ஒன்றாகவே சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லவிருக்கின்றனர். முடிவு எதுவாயினும் ஆகுக. அக்கொப்பி அவள் கையில் இருப்பதே எமக்கு மனநிறைவு. எமது வீடுகளிற் பெண்பிள்ளைகளின் உடலைப்பற்றி எழும் சிரிப்பு அடங்குமாயின், இத்தகைய கேள்விகளுள் ஒரு பாதி எழாமலே போகும்.