அலாவுதீன் கப்பலேறி வரவில்லை

அலாவுதீன், அலிபாபா கதைகள் பழங்கால அரபு நாட்டுப்புறக் கதைகள் என்றும், அரபு வணிகர்களின் மரக்கலங்களோடு பழவேற்காடு போன்ற துறைகளில் இறங்கித் தமிழரிடம் பரவியவை என்றும் பலர் நம்புகிறார்கள். பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டில், முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லும் முஸ்லிம் குடும்பங்கள் இருப்பது இந்த நம்பிக்கைக்கு வலுச் சேர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் முன்னோர் வந்த வழி வேறு, இக்கதைகள் வந்த வழி வேறு.

இக்கதைகள் இடம்பெறும் தொகுப்பான ஆயிரத்தொரு இரவுகளின் விரிவான பழைய கையெழுத்துப் படி சிரியாவினது. 14 அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தோவான் கல்லான் அதைக் கொண்டுதான் 1704 முதல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அந்தக் கையெழுத்துப் படியில் அலாவுதீனும் இல்லை, அலிபாபாவும் இல்லை. கைவசமிருந்த கதைகள் தீர்ந்த நிலையில், 1709இல் பாரிஸுக்கு வந்திருந்த அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர் ஹன்னா தியாப் இவ்விரு கதைகளையும் கல்லானுக்குச் சொன்னார். கல்லானின் நாட்குறிப்பில் தியாப் இருக்கிறார். அச்சான நூலிலோ அவர் பெயரே இல்லை. நம்பிக்கை வேரூன்ற இந்த இருட்டடிப்பே போதுமானதாக இருந்தது.

தியாபும் அரபு பேசியவர்தானே எனலாம். அவர் ஊரில் கேட்டது எவ்வளவு, தாமே புனைந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பின்னாளில் 'மூலம்' என்று காட்டப்பட்ட அலாவுதீன் அரபுப் படிகள் பிரெஞ்சிலிருந்து திருப்பி எழுதப்பட்டவை என்று ஆய்வாளர் முஹ்சின் மஹ்தி நிறுவினார். கதை நடப்பதும் அரபு நாட்டில் அல்ல, சீனாவில். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது 1613இல். தடயம் கிடைத்தவரை, அலாவுதீன் அக்கோட்டைக்கு ஏறத்தாழ நூறாண்டு இளையவன்.

தமிழ்நாட்டில் இவை வேரூன்றியது அச்சாலும் திரையாலும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடிப்பில் வண்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1954இல் வந்த இந்திப் படத்தின் மறுவாக்கம். மறு ஆண்டே 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' வந்தது. பாக்தாத் என்றால் தமிழ் ரசிகர் மனத்தில் எழும் தொப்பியும் தலைப்பாகையும் ஸ்டுடியோ தையற்காரர்கள் தந்தவை.

அரபு மரபிலிருந்து தமிழுக்கு மெய்யாகவே வந்த கதை நூலுக்கு இந்தப் புகழில் பங்கில்லை. யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் கேட்கும் கேள்விகளாக அமைந்தது அந்த அரபுக் கதை. வண்ணப் பரிமளப் புலவர் அதை 'ஆயிரம் மசலா'வாகப் பாடி மதுரையில் அரங்கேற்றியது 1572இல், அதாவது தியாப் பாரிஸில் கதை சொல்வதற்கு 137 ஆண்டுகள் முன்பு.