கேஸ் மாத்திரைக்கு எப்போதுதான் முற்றுப்புள்ளி?

எங்கள் பண்பொழிப் பக்கம் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தாலும் சரி, திருமலைக்கோயில் படியேறி முழங்கால் வலித்தாலும் சரி, சீட்டில் கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' ஒட்டிக்கொண்டு வரும். குற்றாலம் சீசனில் பரோட்டாவை ஒரு கை பார்த்தவர்களுக்குச் சீட்டே வேண்டாம், நேரே மெடிக்கல்தான்!

முதல் விஷயம், பான்டோபிரசோலும் ஒமிபிரசோலும் வாயுவுக்கான மாத்திரையே இல்லை. இரைப்பையில் அமிலம் சுரப்பதை அடக்கும் மருந்துகள்.

மருந்து மோசமா? இல்லவே இல்லை. ஸ்ரீநகரில் குரூ என்ற மருத்துவரின் குழு, அல்சரில் இரத்தம் கசிந்த 220 பேரை வைத்துச் செய்த ஆய்வு 1997-ல் வெளிவந்தது. ஒமிபிரசோல் சாப்பிட்ட 110 பேரில் 12 பேருக்குத்தான் கசிவு நீடித்தது அல்லது திரும்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 110 பேரில் 40 பேருக்கு! நம் நாட்டிலேயே கிடைத்த சாட்சி இது. ஆனால் மக்களே, அது சாட்சி சொல்வது இரத்தம் கசியும் அல்சருக்கு. பரோட்டாவுக்கு அல்ல.

அல்சருக்கே கூட இது மட்டும் போதாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பல அல்சர்களுக்குக் காரணம் என்று காட்டிய மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் கொடுத்தார்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்து அதை ஒழிக்க வேண்டும். சோதிக்காமல் வருஷக்கணக்கில் அமிலத்தை மட்டும் அடக்குவது, ஓட்டைக் கூரைக்குக் கீழே வாளி வைக்கிற கதை.

இன்னொரு வேடிக்கை. 2009-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாத 120 பேரில் பாதிப் பேருக்கு இதே வகை மாத்திரையை எட்டு வாரம் கொடுத்து நிறுத்தினார்கள். அதன்பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொல்லைகள். வெற்று மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம்தான். எரிச்சல் வந்தால் என்ன செய்வோம்? இன்னொரு அட்டை வாங்குவோம்!

உடனே "கிட்னி போயிடும்" என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் கோஷ்டிக்கும் ஒரு வார்த்தை. 2019-ல் வெளியான ஆய்வில் 17,598 பேரை ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்தார்கள். பான்டோபிரசோல் குழுவில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான், அதுவும் கொஞ்சம். ஆகவே ஆஸ்பிரினோடு இதைச் சாப்பிடும் தாத்தாவின் மாத்திரையைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, இவை இருந்தால் மாத்திரையால் மூடி மறைக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றவர்கள் அடுத்த முறை இரண்டே கேள்வி கேளுங்கள்: இது எதற்கு? எத்தனை நாளைக்கு? இரண்டாவதற்குப் பதில் எழுதாத சீட்டு, பாதிச் சீட்டுதான்.