கூப்பிட்டால் பதில் வருகிறதா?

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இண்டர்நெட் இணைப்பும் இருக்கிறது. மாதம் தவறாமல் பணம் கட்டுகிறார்கள். ஒரு நாள் திடீர் என்று இண்டர்நெட் வரவில்லை. மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்!

வீடே அமளிப்படுகிறது. "கம்பெனிக்காரன் மோசம்" என்கிறார் அப்பா. "தம்பி விளையாடிக் கெடுத்துவிட்டான்" என்கிறாள் அக்காள். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடுகிறார்கள். அதை மாற்றவேண்டும், இதை மாற்றவேண்டும் என்கிறார் கடைக்காரர். பணமும் போகிறது, பொழுதும் போகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், மோடத்தில் சொருகிய வயர் கழன்று கிடக்கிறது!

இப்படி அலையவேண்டியது இல்லை. கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, விண்டோஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கருவி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கவேண்டாம். அதன் பெயர் "பிங்".

ஒரே இரவில் பிறந்தது

அது என்ன பிங்?

நீர்மூழ்கிக் கப்பல்களில் "சோனார்" என்ற சாதனம் உண்டு. அது தண்ணீருக்குள் "பிங்" என்று ஓர் ஒலியை எழுப்பும். எதிரே ஏதாவது இருந்தால், ஒலி அதில் மோதித் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதைக் கொண்டு, அந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கம்ப்யூட்டர் பிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. "இருக்கிறாயா?" என்று இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிடும். "இருக்கிறேன்" என்று பதில் வரும். அதற்கு எத்தனை நேரம் ஆயிற்று என்பதையும் கணக்கிட்டுச் சொல்லும்.

இதை எழுதியவர் மைக் மூஸ் என்ற அமெரிக்க இளைஞர். மேரிலாண்ட் மாகாணத்தில் உள்ள ராணுவ ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் வேலை பார்த்தார். 1983-ம் ஆண்டு டிசம்பரில், அங்கே கம்ப்யூட்டர்களை இணைக்கும் வழியில் ஏதோ கோளாறு. காரணம் தெரியவில்லை. மூஸ் உட்கார்ந்து பிங்கை எழுதினார். ஆனால் அது ஓடவில்லை! அதற்கு வேண்டிய வசதி அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. ஆத்திரம் வந்தது அவருக்கு. அந்த வசதியையும் தாமே எழுதிச் சேர்த்தார். பொழுது விடியும் முன் வேலை முடிந்துவிட்டது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவருடைய முதல் "பிங்" புறப்படும் முன்பே, சக ஊழியர் ஒருவர் கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார்! மூஸ் 2000-ம் ஆண்டில் கார் விபத்தில் இறந்தார். அவர் ஓர் இரவில் எழுதியதை உலகம் முழுவதும் இன்றும் உபயோகிக்கிறார்கள்.

எப்படிக் கூப்பிடுவது?

கம்ப்யூட்டரில் "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்தி, சி.எம்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டவேண்டும். கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பி, ஐ, என், ஜி என்ற எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, யாரைக் கூப்பிடவேண்டுமோ அந்த முகவரியைத் தட்டி, "என்டர்" அழுத்தினால் போதும். விண்டோஸ் நான்கு தடவை கூப்பிட்டுப் பார்த்து, கணக்கைச் சொல்லும்.

முதலில் 127.0.0.1 என்ற எண். இது தன்னைத்தானே கூப்பிடுவது. பதில் வந்தால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இணைப்பு ஏற்பாடு சரி. வயரைப் பிடுங்கிவிட்டாலும் இதற்குப் பதில் வரும். ஆகையால், இதை மட்டும் பார்த்து "எல்லாம் சரி" என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து, வீட்டில் உள்ள மோடம் பெட்டி. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பார்கள். இதற்குப் பதில் இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். வயரைப் பாருங்கள், வைபை இணைப்பைப் பாருங்கள்.

மோடம் பதில் சொல்கிறதா? அடுத்தது 8.8.8.8. இது கூகுள் கம்பெனியின் முகவரி. மோடம் பேசுகிறது, இது பேசவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதில் அர்த்தமே இல்லை.

8.8.8.8 பேசுகிறது, ஆனால் கூகுள் என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "அப்படி ஒருவரைக் காணோம்" என்கிறதா? பாதை நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. அதை "டி.என்.எஸ்." என்பார்கள்.

பதிலைப் படிக்கத் தெரியவேண்டும்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

"ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால், கூப்பிட்டேன், காத்திருந்தேன், பதில் இல்லை என்று அர்த்தம். எதிரே உள்ள கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல! கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லாதே என்று கட்டளை போட்டிருப்பார்கள். விண்டோஸின் காவல் ஏற்பாடான "பயர்வால்" வழக்கமாக இப்படித்தான் செய்கிறது. வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்து, ஒன்றை ஒன்று கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் பயப்படவேண்டாம். அதற்காகப் பயர்வாலை அணைத்தும் விடாதீர்கள். திருடன் வர வாசலைத் திறந்து வைப்பது போன்றது அது.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்றால், அந்த இடத்துக்குப் போக வழி கிடைக்கவில்லை. இதில் ஒரு மோசடிக் கணக்கு உண்டு. இந்தச் செய்தியையும் விண்டோஸ் ஒரு "பதில்" என்று எண்ணிக்கொள்ளும். "நான்கு அனுப்பினேன், நான்கு வந்தன, நஷ்டம் 0 சதவிகிதம்" என்று கீழே போடும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. மேலே உள்ள வரிகளைப் படிக்கவேண்டும்.

சில கம்ப்யூட்டர்களில் பிங்கே ஓடாது. "இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாது" என்று சொல்லும். பிங் தொலைந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. கட்டளைகளை எந்த எந்த அறையில் தேடவேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. அதற்கு "பாத்" என்று பெயர். புதிதாகப் போட்ட ஏதோ ஒரு புரோகிராம் அந்தப் பட்டியலைக் கெடுத்திருக்கும். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32 என்ற அறையில் பிங் பத்திரமாக இருக்கும். அந்த அறையின் பெயரை மறுபடியும் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது.

விட்டு விட்டுக் கெடும் வயர்தான் மிகவும் தொல்லை. மூஸ் ஒரு கதை சொல்லியிருக்கிறார். ஓர் அலுவலகத்தில், ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் "பிங், பிங்" என்று உரக்கக் கத்தும்படி ஒருவர் ஏற்பாடு செய்தார். பிறகு கட்டிடம் முழுவதும் நடந்து, ஒவ்வொரு வயரையும் ஆட்டிப் பார்த்தார். எந்த வயரை ஆட்டியபோது சத்தம் நின்றதோ, அதுதான் குற்றவாளி!

கம்பெனிகள் கவனிக்கட்டும்

இண்டர்நெட் கம்பெனிக்குப் புகார் சொன்னால், "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். சில சமயம் அதில் பலன் உண்டு. ஆனால் வாடிக்கையாளர் ஒருவர், "காலை 10 மணிக்கு மோடம் பதில் சொல்லிற்று, 8.8.8.8 பதில் சொல்லவில்லை, 11 மணிக்கும் அப்படியே" என்று குறித்து வைத்துச் சொல்கிறார். அவரிடமும் அதே பாடத்தை ஒப்பிப்பது நியாயம் அல்ல. அந்தக் குறிப்பை எழுதிக்கொண்டு, அன்றைக்கே வயர் பார்க்க ஆள் அனுப்பவேண்டும். வேலை செய்யாத நாட்களுக்கு உரிய பணத்தை, கேட்காமலே கழித்துக் கொடுக்கவேண்டும்.