மடிக்கணினியோடு மேசையும் வேண்டும்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆவடியிலிருந்து ரயிலேறினால் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடும் தூரம். இடையில் நின்றுபோன அந்தத் திட்டத்துக்கு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை மறுவாழ்வு கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும், முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால், கையில் கிடைத்த கணினியை மாணவர் எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில், யாருடைய சந்தேகப் பார்வைக்கு நடுவில் பயன்படுத்துவார் என்பதை அரசும் கல்லூரிகளும் இன்னும் தங்கள் கவலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதை எடுத்துக்கொள்ளாதவரை இந்தச் செலவின் பலன் அரைகுறையாகவே இருக்கும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்வி கூடுதல் அழுத்தம் பெறுகிறது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தபின், பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் கொரட்டூர், பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் என்று பரவின. பிறகு பூந்தமல்லி, ஆவடி சாலைகளை ஒட்டிப் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. அரக்கோணம் தடத்தில், பட்டாபிராமில் உள்ள ஒரு ரயில் நிலையத்தின் பெயரே இந்துக் கல்லூரி. அதே பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. லேத் பட்டறைத் தொழிலாளியின் மகள் ஒருநாள் இங்கே வேலைக்கு வருவாள் என்பதே அந்தக் கட்டடம் இந்த வட்டாரத்துக்குத் தரும் வாக்குறுதி. 2021-22-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். கல்லூரி வாசல்வரை அவளைக் கொண்டுவந்து சேர்த்ததில் தமிழ்நாடு பெருமைப்படலாம்.

அவள் வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது? தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகைக் குடியிருப்புகளில், ஒரே அறைதான் கூடம், படுக்கையறை எல்லாம். இரவு ஷிப்ட் முடித்த அப்பா பகலில் தூங்குவார். மாலையில் தொலைக்காட்சி ஓடும். அசைன்மென்டை அப்லோடு செய்ய நள்ளிரவுவரை அவகாசம் உண்டு. உட்கார்ந்து எழுதத்தான் இடம் கிடையாது. அண்ணன் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தால் ‘படிக்கிறான்’. தங்கை பார்த்தால் ‘யாரோட பேசுற?’. கருவி ஒன்றுதான். அதைத் தொடும் உரிமை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், நகர்ப்புற வீடுகளில்கூட 23.4 சதவீதத்தில்தான் கணினி இருந்தது; கிராமங்களில் 4.4 சதவீதம். கைப்பேசியும் இணையமும் அதன் பிறகு வெகுவாகப் பரவிவிட்டன. தனியறையும் மேசையும் அவற்றோடு சேர்ந்து பரவவில்லை.

கொரோனா காலம் இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல்வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தது. அதே காலத்தில் அண்ணா பல்கலைக்கழகம் கேமராவும் மென்பொருளும் கண்காணிக்கும் இணையவழித் தேர்வை நடத்தியது. கவனம் சிதறாத ஓர் அறையில், தடைபடாத இணைப்போடு, ஒரே ஆள் உட்கார்ந்து எழுதுகிறார் என்று அந்த ஏற்பாடு தானாகவே எடுத்துக்கொண்டது. தேர்ச்சி பெறாதவர்களும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்களும் ஏராளம். புதிதாகப் பொறுப்பேற்ற அரசு அந்த ஆண்டு மறுதேர்வுக்கு வழிசெய்ய வேண்டிவந்தது. 2020-ல் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கிய சென்னை ஐஐடியோ, பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கவிட்டாலும், பருவத் தேர்வுக்கு நேரில் தேர்வு மையத்துக்கு வரச்சொல்கிறது. எதை வீட்டுக்கு அனுப்பலாம், எதற்குப் பொது இடம் தேவை என்ற தெளிவு அதில் இருக்கிறது.

தகவல் தொழில்நுட்பம் செய்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் இணையத்துக்கு மாறியதால், தென்மாவட்டத்துப் பெற்றோர் பிள்ளையோடு கிண்டிக்கு வந்து காத்துக் கிடக்கும் நிலை போனது. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இடைத்தரகர் இல்லாமல் மாணவியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆனால், கலந்தாய்வுக்கு வீட்டில் வழியில்லாதவர்கள் பிரௌசிங் சென்டரைத்தான் நம்புகிறார்கள். விண்ணப்பத்தில் கடைக்காரரின் எண்ணே பதிவாகி, ஓடிபிக்காக அவரைத் தேடி ஓடுவதும் உண்டு. பணம் மாணவியின் பெயரில் வந்தாலும், வங்கியின் குறுஞ்செய்தி அப்பாவின் கைப்பேசிக்குப் போகும் வீடுகளும் உண்டு. உரிமை அவள் பெயரில், சாவி வேறொருவர் கையில்.

கல்லூரிகளும் அந்தச் சாவியை அவளிடம் தருவதில்லை. 2005-ல் அண்ணா பல்கலைக்கழகம் ஆடைக் கட்டுப்பாட்டோடு சேர்த்துக் கைப்பேசிக்கும் தடை போட்டது. இன்று வருகைப்பதிவு, கட்டணம், அக மதிப்பெண், அறிவிப்பு எல்லாமே கைப்பேசி வழியாகத்தான். ஆனாலும் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரிகளும், வகுப்புக்கு வராவிட்டால் அடுத்த அரைமணியில் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கல்லூரிகளும் இருக்கின்றன. வாக்குரிமை பெற்ற 19 வயதுப் பெண்ணைப் பள்ளிச் சிறுமியாக நடத்த இவ்வளவு செலவில் ஒரு மென்பொருளா? கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றில், மாலை 6 முதல் இரவு 10 மணிவரை விடுதி மாணவிகள் கைப்பேசியை ஒப்படைக்க வேண்டும் என்ற விதியை ஒரு மாணவி ஏற்க மறுத்தார்; விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நம் கல்லூரி நிர்வாகங்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

கட்டணம் கட்டும் பெற்றோருக்குப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா என்று கேட்பார்கள். கவலை நியாயமானது. இணைய ரம்மியிலும் கடன் செயலிகளிலும் சிக்கிய இளைஞர்களை நாம் பார்த்திருக்கிறோம். சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியது. ஆனால், தப்புவழி காட்டுகிறவர்களைப் பிடிப்பது அரசின் வேலை. அதற்காகப் படிக்கிறவளின் கையைக் கட்டுவது தீர்வாகாது. மேலும், கண்காணிப்பு கடுமையாகும்போது வீடு தரும் முதல் தண்டனை ‘படிச்சது போதும்’ என்பதுதான். அந்தத் தண்டனை மகனுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

செய்ய வேண்டியவை எட்டாத காரியங்கள் அல்ல. கல்லூரிப் பேருந்து மாலையில் கிளம்பியதும் கணினி ஆய்வகத்தைப் பூட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். இரவு எட்டு மணிவரையாவது அது திறந்திருக்க வேண்டும், வீடு திரும்ப இன்னொரு பேருந்தும் ஓட வேண்டும். சொந்தக் கைப்பேசி இல்லாமல் முடிக்க முடியாத எந்தப் பணிக்கும் மதிப்பெண் வைக்கக் கூடாது. 18 வயது நிரம்பிய மாணவரின் வருகைப்பதிவும் மதிப்பெண்ணும் அவருடைய ஒப்புதலோடுதான் வேறு எவருக்கும் போக வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகும், பெற்றோரின் எண்ணைச் சேர்க்கைப் படிவத்தில் வாங்கிவிட்டதையே ஒப்புதலாகக் கொள்வது முறையல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம், இடம். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், படிக்கவும் வேலை பார்க்கவும் இணைய வசதியோடு குறைந்த கட்டணத்தில் இருக்கை தருகிறது. அந்த மாதிரி அம்பத்தூர் மண்டலத்திலும் ஆவடி மாநகராட்சியிலும் பூந்தமல்லி நகராட்சியிலும் வார்டு வாரியாகப் பரவ வேண்டும். புதுக் கட்டடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிளை நூலகங்கள் இருக்கின்றன. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டிவருகிறோம். அந்தப் பணத்தை உள்ளாட்சிகள் நிலுவையின்றி நூலகத் துறைக்கு ஒப்படைக்கட்டும். ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் அருகிலுள்ள நூலகங்கள் இரவு பத்து மணிவரை திறந்திருக்கட்டும். மேசை, மின்சாரம், வைஃபை, கழிப்பறை, வாசலில் வெளிச்சம், பணியில் ஒரு பெண் ஊழியர். இவ்வளவுதான் கேட்கிறோம்.

20 லட்சம் கணினிக்குப் பணம் ஒதுக்க முடிந்த அரசுக்கு இது பெரிய தொகை இல்லை. மடிக்கணினி வழங்கும் விழாவில் பயனாளிகளின் எண்ணிக்கையோடு, அந்த வட்டாரத்தில் இரவில் திறந்திருக்கும் படிப்பறைகளின் எண்ணிக்கையையும் அமைச்சர்கள் அறிவிக்க வேண்டும். ஆவடி, பூந்தமல்லி, சென்னை உள்ளாட்சி மன்றங்கள் தங்கள் அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கான தொகையைக் காட்ட வேண்டும்.