மனதையும் பரிசோதியுங்கள்
நீரிழிவு நோயாளியின் மனநிலையைக் கேட்டறிவதையும் சிகிச்சையின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும். உலக நீரிழிவு நாளுக்கு 2024 முதல் 2026 வரை நீரிழிவும் நல்வாழ்வும் என்பதே மையப்பொருளாக அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், நவம்பர் 14 அன்று ஒரு நடைப்பயணமும் இலவச ரத்தப் பரிசோதனையும் நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. மற்றவர்களைவிட இவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. சோர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடையை நிறுத்துகிறார், சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை குற்றவுணர்வைக் கூட்டுகிறது. இந்நிலையில் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் கிடைப்பது ‘வாயைக் கட்டுங்கள்’ என்ற அதட்டல்தான். மனநல மருத்துவர்கள் போதவில்லை என்பது உண்மை. ஆனால், கடந்த இரு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்று கேட்க நிபுணர் தேவையில்லை. 2021 முதல் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்களே, உரிய பயிற்சியுடன், கேட்கலாம். ‘ஆம்’ என்போரை மாவட்ட மனநலத் திட்டத்துக்கு அனுப்புவதும், அவர்கள் சென்றார்களா என்று பார்ப்பதும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பாக வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண்ணைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. தன்னார்வலர்களின் ஊக்கத்தொகையையும் இக்கூடுதல் பணிக்கேற்ப உயர்த்தி, தமிழக அரசு இதற்கான ஆணையைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.