கள்ளிக்கும் வெயில் சுடும்

தோழர்களே, பால் மரத்தை ஏன் விடியற்காலையில் வெட்டுகிறோம்? கிராணி பெரட்டுக்குக் கூப்பிட்டார் என்பதற்காகவா? இல்லை. காற்றில் குளுமை இருக்கும் வரைதான் மரத்துக்குள் நீரழுத்தம் நிற்கும், பால் ஓடும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் சுண்டிவிடும். இதை நமக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. கத்தி பிடித்த கை கற்ற பாடம். அப்படிப்பட்ட நாமே ஒரு பயிர் விஷயத்தில் ஏமாந்து நின்றோம் என்றால் சிரிப்பீர்கள்.

மலாய்க்காரர்கள் 'புவா நாகா' என்று சொல்லும் டிராகன் பழத்தைத்தான் சொல்கிறோம். (நம் பாட்டிமார் நாகப்பழம் என்பது நாவல் பழத்தை, இது வேறு.) 1990களின் இறுதியில் இந்த நாட்டில் பெரிய அளவில் பயிரிடத் தொடங்கினார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்கள் சிலவும், கைக்கு வந்த பணத்தில் சிமெண்டுத் தூண் நட்டு, உச்சியில் பழைய மோட்டார் சைக்கிள் டயரை மாட்டிக் கொடியை ஏற்றினார்கள். நாமும் 12 தூண் போட்டோம்.

"கள்ளி ஜாதிதானேய்யா! எவ்வளவு வெயில் அடிச்சாலும் தாங்கும்" என்றார் நாற்று விற்றவர். நம்பினோம். 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளையே வெப்பத்தால் மூடினார்களே, அந்த நாட்களில் நம் கொடிகள் மஞ்சளாகி, வெளுத்து, புண் பிடித்தன. அடுத்த மழையில் புண் அழுகியது. 8 தூண் போச்சு. சங்க வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிறவனுக்குத் தோட்டம் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

உண்மை என்னவென்றால், இது பாலைவனத்துச் செடியே அல்ல. மெக்சிகோவின் தென்பகுதி, மத்திய அமெரிக்கா ஆகிய இடங்களின் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறி, அரை நிழலில் வாழ்கிற கொடி. ஆனால் கள்ளிக் குணம் ஒன்று அதற்கு உண்டு. பகலில் தோலின் துவாரங்களை மூடிக்கொள்ளும். இரவில்தான் திறந்து கரிக்காற்றை இழுத்து, புளிப்பாகச் சேமித்து வைக்கும். பொழுது விடிந்ததும் அந்தப் புளிப்பைச் சர்க்கரையாக்கும். நம் வீட்டு ஓரத்து ரணகள்ளியும் (கட்டிப் போட்டால் குட்டி போடும் என்போமே, அதுதான்) இதே வேலையைச் செய்கிறது. அதன் இலை காலையில் புளிக்கும், மத்தியானம் சப்பென்றிருக்கும் என்று மதராஸ் மாகாணத்தில் கம்பெனி வேலை பார்த்த பெஞ்சமின் ஹைன் எழுதிய கடிதம் 1815இல் அச்சாகியது.

ஆகவே இந்தப் பயிருக்குப் பகல் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. இரவுக் காற்றையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் பார்க் நோபல் என்ற தாவர அறிஞரும் அவருடைய கூட்டாளியும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பகலில் 30 பாகை, இரவில் 20 பாகை செல்சியஸ் இருக்கும்போதுதான் கொடி அதிகமாகக் கரிக்காற்றை இழுத்தது. சூடு கூடினால் இழுப்பு குறையும். இரவு சூடாக இருந்தால், சேமிக்க வேண்டிய நேரத்தில் செடி மூச்சுவிட்டே செலவழித்துவிடும். இஸ்ரேலில் கோடைச் சூடு மிகுந்த இடங்களில் பூப்பதே குறைகிறது என்று 2002இல் எழுதினார்கள்.

நம் பினாங்கு எப்படி? பகல் 31, 32 பாகை. பரவாயில்லை. இரவோ பெரும்பாலும் 24, 25ஐ ஒட்டியே நிற்கும். கொடிமலை உச்சிக்குப் போனால் குளிரும். அங்கே யாருக்கு நிலம் இருக்கிறது? கொடி இங்கே வளராது என்று சொல்லவில்லை. வளருகிறது, காய்க்கிறது. ஆனால் அதற்குமேல் இன்னொரு சுமையைத் தாங்க அதனிடம் இடமில்லை. ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியில் சிமெண்டுச் சுவரை ஒட்டித் தொட்டி வைத்திருப்பவர்கள் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். பகலில் குடித்த வெயிலை அது அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும்.

இனி நடப்போர், கையிருப்பு முழுவதையும் தூணில் கொட்ட வேண்டாம். நாலு தூண் போட்டு, ஒரு வறட்சி கழியட்டும். நிழல் வலைக்குக் காசு ஒதுக்குங்கள். வலை இல்லையென்றால் அகத்தியோ முருங்கையோ மேற்கே நிற்கட்டும். வேர் மேலாகவே ஓடுவதால் பழம் உதிர்த்த செம்பனைக் குலையை அடியில் பரப்புங்கள். கடன் கொடுப்பவர்களும் பயிற்சி நடத்துபவர்களும் தூணுக்கும் நாற்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள், வலைக்குப் போடுவதில்லை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. மத்தியான வெயிலில் கவ்வாத்து வெட்டும் கூலிக்காரருக்கு ஓய்வு கேட்பதும் அதே உரிமைதான்.

ஏற்கனவே நட்டவர்கள் நாளைக் காலை தூணின் மேற்குப் பக்கத்துக் கொடியைப் பாருங்கள். அங்கேதான் முதலில் மஞ்சளாகும்.