புகையின் பெயரால்

கொங்கு வட்டாரத்து மொட்டை மாடிகளில் ஒன்றிரண்டாக ஓர் அமெரிக்க அடுப்பு தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. பெல்லட் ஸ்மோக்கர் என்பது அதன் பெயர். (பல்லடத்துக்காரர்களான நமக்கு முதன்முறை கேட்டபோது ஊர்ப் பெயரைத்தான் யாரோ பிழையாக உச்சரிப்பதாகத் தோன்றிற்று.) பணமுள்ளவர் ஓர் அடுப்பு வாங்குவதில் நமக்கு வழக்கேதும் இல்லை. அதை வாங்குவதற்குச் சொல்லப்படும் நியாயத்தோடுதான் வழக்கு. புகையில் வெந்த இறைச்சி சங்கத் தமிழரின் உணவு, நாம் மறந்துவிட்ட மரபை இந்த இயந்திரம் மீட்டுத் தருகிறது என்கிறார்கள். இலக்கியம் படித்த நண்பர்களே இதற்குத் தலையாட்டுவதுதான் வியப்பு.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சி வருவது உண்மை. ஆனால் அது சுடுதல். தணலின் நேர் வெப்பத்தில் விரைந்து முடிகிற காரியம். மூடிய பெட்டிக்குள் குறைந்த சூட்டில் பத்து மணி நேரம் புகையூட்டுவது முற்றிலும் வேறு தொழில். கொங்கு வீடுகளில் கோழியின்மேல் புகை படுவது ஓர் இடத்தில்தான்: இறகு பறித்த நாட்டுக்கோழிக்கு மஞ்சள் பூசி ஓலைத் தீயில் வாட்டும்போது. சில நிமிட வேலை அது. அந்த வாட்டல் மணம் குழம்பு வரைக்கும் வந்து நிற்கும். உப்புக்கண்டமோ வெயிலின் கொடை. சுடுதல், வாட்டுதல், உணக்குதல், புகையூட்டல் என்று தனித்தனியே நிற்கும் செயல்களை 'பார்பிக்யூ' என்ற ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறிவிட்டு மரபு என்று பரிமாறுவது மொழிக்கும் கேடு, நாவுக்கும் கேடு.

இந்த அடுப்பின் உண்மையான வரலாறு மிக அண்மையது. ஓரிகான் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில், 1980களில், வீடுகளைச் சூடாக்கும் மரத்துகள் உருளை அடுப்பைப் பார்த்து ஜோ டிரேகர் என்பவர் சமையலுக்கு வடிவமைத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகள் ஒரு தொட்டியில் கிடக்கும், திருகுதண்டு ஒன்று அவற்றைச் சிறிது சிறிதாக எரிகலத்துக்குத் தள்ளும், மின்கம்பி பற்றவைக்கும், விசிறி காற்றூட்டும், சூட்டைக் கருவி பார்த்துக்கொள்ளும். திறமையான ஏற்பாடுதான். ஆனால் தீ செவ்வையாக எரிய எரியப் புகை குறையும். கட்டை அடுப்பின் அழுத்தமான மணம் இதில் வராது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

இந்த நிதான வெப்பம் எதற்காக? மாட்டின் நெஞ்சுக்கறி, பன்றியின் தோள் போன்ற நார்மிகுந்த தசைகள் இளகுவதற்காக; உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்டும்வரை அவை காத்திருக்க வேண்டும். நம் ஊரிலோ கறிக்கோழி நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. பண்ணைக் கொள்முதல் விலையைக் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் ஊர் இது. ஓடி ஆடாத, ஏற்கெனவே இளகிய அந்தச் சதைக்கு எட்டு மணி நேரப் புகை எதற்கு? உள்வெப்பம் 74 டிகிரி வந்தால் கோழி வெந்தாயிற்று. குறைந்த சூட்டில் போட்டால் தோல் ரப்பராகும். வாங்கியே தீருவதென்றால் முற்றிய நாட்டுக்கோழியையோ வெள்ளாட்டுத் தொடையையோ அதில் வையுங்கள். பிராய்லரை வைப்பது யானையைக் கட்டி எலி பிடிப்பது.

எல்லாவற்றினும் முதன்மையான கேள்வி எரிபொருள் பற்றியது. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. உணவுக்கென்று செய்யப்படும் உருளை, பெயர் தெரிந்த கடின மரத்தின் தூய தூளால் ஆனது. நம் பக்கத்தில் பெல்லட் என்று மலிவாக மூட்டையில் விற்பது கொதிகலனுக்கானது. மரத்தூள், நிலக்கடலைத் தோல், கிடைக்கிற வேளாண் கழிவு எல்லாம் அதில் சேரும். அந்த மரத்தூளில் பிளைவுட் பசை இருக்கிறதா, வண்ணம் பூசிய பழங்கதவு இருக்கிறதா, பிசின் வடியும் பைன் பெட்டி இருக்கிறதா என்று யார் சோதித்தார்கள்? கொதிகலனுக்கு அது பொருட்டன்று. சூடு கிடைத்தால் போதும். அந்தப் புகையே நம் பிள்ளைகள் தின்னும் கறியில் படியும்போது பொருட்டாகாதா? இறக்குமதி மூட்டை விலை அதிகம் என்று கொதிகலன் உருளையை அடுப்பில் கொட்டுவது சிக்கனமன்று, அறியாமை.

கேள்வி அடுப்போடு முடிவதும் இல்லை. காங்கயம், பல்லடம் வட்டாரத்தில் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கும் களங்கள் இருக்கின்றன. அந்தக் கரி வெளிநாடுகளுக்கும் போகிறது. குழியில் எரித்துத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் முறையால் புகையும் கழிவுநீரும் இங்கேயே தங்குகின்றன. கிணறு கெட்டது என்று உழவர்கள் போராடியிருக்கிறார்கள். திருப்பூர் இதை முன்பே ஒருமுறை பார்த்தது. பனியன் கப்பலேறிப் போயிற்று. சாயம் நொய்யலில் நின்றது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை அதைப் பேசியவர்களைத் தொழில் விரோதிகள் என்றோம். யாரோ ஊரார் கிணற்றருகே சூழ்ந்த புகைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிற நாம், பெட்டியில் அடைத்து வரும் புகைக்கு மட்டும் காசு கொடுக்கிறோம்.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வாங்குங்கள். மின்சாரம் நின்றால் திருகுதண்டும் விசிறியும் நின்றுவிடும். ஆகவே இன்வெர்ட்டர் வேண்டும். எரிகலச் சாம்பலை அள்ளாவிட்டால் தீ பிடிக்காது. ஐப்பசி மழையில் தொட்டியைக் காலி செய்யாவிட்டால் உருளை ஊதிப் பொடியாகித் திருகுதண்டை அடைத்துக்கொள்ளும். பழுது பார்க்க ஆள் கோவையிலாவது உண்டா என்று முன்னதாகவே விசாரியுங்கள். கடைக்காரரிடம் எத்தனை டிகிரி, எத்தனை சதுர அங்குலம் என்று கேட்பதற்கு முன், மூட்டையில் இருப்பது எந்த மரம், பசை கலந்ததா என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராத கடையில் உருளையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம்.